லேபிளில் இல்லாத வீடு

அளப்பதில் துளி அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஸ்லைடில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "மறுபடி செய்" என்பாள். பெயர் அப்படித்தான் வந்தது. அவள் வாழ்க்கையில் அளவு தெரியாமல் ஊற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், பொறாமை.

அதற்குக் காரணம் அவள் புருஷன் பார்த்த வேலை. அவரும் அதே கூடத்தில்தான். ஆனால் உள்ளே உட்காருகிற வேலை இல்லை. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். ஊசி அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அவர் குத்தினால் வலிக்காது என்று ஊரே சொல்லும். துளி அக்காவுக்கு மட்டும்தான் வலித்தது. விடிந்தும் விடியாததுமாக, தலைகூட வாராமல், பெண்கள் அவருக்குக் கதவைத் திறக்கிறார்கள். கையை நீட்டுகிறார்கள். அவர் அந்தக் கையைப் பிடிக்கிறார். அதற்குச் சம்பளம் வேறு!

ஆனால் கடவுள் அவளுக்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு ட்யூப்பின் லேபிளிலும் பெயர், வயசு, ரத்தம் எடுத்த நேரம் மூன்றும் எழுத வேண்டும். அது கூடத்தின் சட்டம். ஆக, புருஷனின் காலைப் பொழுது முழுக்க அவர் கையெழுத்திலேயே அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். சாப்பிடும்போது கணக்குக் கேட்டாள்.

"ரெண்டாவது வீட்டுக்கும் மூணாவது வீட்டுக்கும் நடுவுல பதினோரு நிமிஷம். ஏழு போதுமே. மிச்சம் நாலு நிமிஷம் எங்க போச்சு?"

"சிக்னல்மா."

"எந்த சிக்னல்?"

"சிவப்பு சிக்னல்."

இப்படியான மனுஷியின் கையில் ஒருநாள் நிஜமான துப்பு சிக்கியது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வயதான அம்மாளின் சர்க்கரை ட்யூப் வரும். நாலாவது மாடி வீடு. அந்த அம்மாளுக்கு ஒரு மகள். வீட்டிலேயே துணி தைக்கிறவள், புருஷன் போய்விட்டவள். அந்த வீட்டில் மட்டும் இருபத்திரண்டு நிமிஷம்! ஐந்து நிமிஷ வேலைக்கு இருபத்திரண்டு. துளி அக்கா மூன்று வாரம் போர் நடத்தினாள். தட்டு பறந்தது, தலையணை பிரிந்தது. நாலாவது வாரம் ட்யூப் வரவில்லை. ஐந்தாவது வாரமும் வரவில்லை. அம்மாளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, இனி தேவை இல்லையாம் என்றார் அவர்.

துளி அக்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அன்று சாயங்காலம் தனியாகப் போய் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். தையல்காரியைத் தன் பட்டியலிலிருந்து அடித்துப் போட்டாள். லேபிளில் இல்லாத வீடு அவளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. அதன்பிறகு நிமிஷங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கூடின. இந்த வீட்டில் மூன்று, அந்த வீட்டில் நாலு. வெறும் சில்லறை. சில்லறைக்கும் அவள் சண்டை போடாமல் இல்லை, பழக்கம் விடுமா?

காலி இடத்துக்கு ஆள் தானாக வந்தாள். கூடத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். கனத்த கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடி என்றே பெயர். துளி அக்காதான் வேலை சொல்லிக்கொடுத்தாள். ஆனால் ஊசி அண்ணன் ட்யூப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்குவது இப்போது அந்தப் பெண்ணின் மேஜையில். அவரை அவள் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டாள். அந்த "ணா"வில் ஒரு இழுப்பு இருந்ததாகத் துளி அக்காவின் காதுக்குக் கேட்டது. வேறு யார் காதுக்கும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அவர் உடம்பில் ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்தது.

முதலில் தலைமுடி. பின்மண்டையில் அங்கங்கே திட்டாகக் கொட்டியது. முடி வெட்டுகிறவர், "பூச்சிவெட்டு, வெங்காயத்தை நறுக்கித் தேய்ங்க" என்றார். பத்து நாள் வீடே வெங்காயமாக நாறியது. பிறகு மூக்கோரத்தில் ஒன்று, வாயோரத்தில் ஒன்று என வளையம் போட்டாற்போல வட்டங்கள். மருந்துக் கடைக்காரர், "படர்தாமரை" என்று களிம்பு கொடுத்தார். அப்புறம் இரண்டு உள்ளங்கையிலும் செம்புக் காசு நிறத்தில் புள்ளிகள். அதைப் பரிசோதனைக் கூடமே கூடிநின்று பார்த்தது. எல்லோரும் நாள் முழுக்கக் கையுறை மாட்டுகிறவர்கள். அவர்கள் வாயில் வேறு என்ன வரும்? "கிளவ்ஸ் அலர்ஜி" என்றார்கள் ஒரே குரலில். கம்பெனியை மாற்றினார்கள். பவுடர் இல்லாத கையுறை வரவழைத்தார்கள். ஒரே மனுஷன் உடம்புக்கு மூன்று தொழில்காரர்கள் மூன்று பெயர் வைத்தாயிற்று. புள்ளிகள் எந்தப் பெயருக்கும் கட்டுப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கால்மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். துளி அக்கா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே அவர் உள்ளங்கால். அதிலும் அதே செம்புக் காசுகள்.

"அரிக்குதா?"

"இல்லியே."

"காலுக்கும் கிளவ்ஸ் போட்டுக்கிட்டுத்தான் ரத்தம் எடுக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளி, அரிப்பு இல்லை, முடி திட்டுத்திட்டாகக் கொட்டுதல். பரீட்சைக்கு இதை அவள் நெட்டுரு போட்டிருக்கிறாள். சிபிலிஸ், இரண்டாம் கட்டம். ஊர்ப் பேச்சில் மேகநோய். இது காற்றில் வருவதில்லை, தண்ணீரில் வருவதில்லை. வருகிற வழி எது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். நாலு மாசமாக அவர் வீட்டு ஹால் சோபாவில் படுப்பதற்கு முதுகுவலி என்று சொன்ன காரணமும் கூடவே ஞாபகம் வந்தது.

மறுநாள், "களைப்பா இருக்குன்னு சொன்னீங்களே, சுகர் பாத்துடலாம்" என்று அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஒரு ட்யூப் எடுத்தாள். ஊருக்கே ஊசி போடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லேபிளில் என்ன எழுதுவது என்று ஒரு நொடி யோசித்தாள். அவர் பெயரைப் போட்டால் நாளைக்குக் கூடமே பேசும். தன் பெயரையே எழுதினாள்.

எல்லோரும் சாப்பிடப் போன அந்த முக்கால் மணி நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு சோதனையைச் செய்தாள். சீரத்தைப் பிரித்தெடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்து, மேலே மருந்துச் சொட்டு விட்டு, சுழற்றினாள். நோய் இருந்தால் திட்டுத்திட்டாகத் திரளும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஒன்றுமே திரளவில்லை. வழவழவென்று கிடந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் சின்னதாக ஒரு ஏமாற்றமும் இருந்தது. இத்தனை வருஷம் வளர்த்த சந்தேகத்தைச் சும்மா எப்படி விடுவது? போகிற வழியில் அவருக்கு ஒரு நல்ல சட்டை வாங்கினாள். அவர் காரணம் கேட்டதற்கு, "சும்மா" என்றாள்.

அந்தச் சட்டை போட்ட மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்தாள். மதியம் உள்ளே வருகிறாள், கண்ணாடியின் மேஜையில் இவள் புருஷன் கை மல்லாந்து கிடக்கிறது. கண்ணாடி அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்க்கிறாள். தான் வாங்கிக்கொடுத்த சட்டை! துளி அக்கா நேரே அந்த மேஜைக்குப் போனாள்.

"என்ன, கை ஜோசியமா? ஆயுள் ரேகை கெட்டியா இருக்கா?"

அப்போதும் அந்தப் பெண் கையை விடவில்லை. "நல்ல வேளை வந்தீங்கக்கா. இது கிளவ்ஸ் அலர்ஜி இல்லக்கா. அண்ணாவுக்கு அரிக்கவே இல்லையாம். பாதத்துலயும் இருக்காம். இதுக்கு நாம ஒரு டெஸ்ட்..."

"அந்த டெஸ்டெல்லாம் நான் பண்ணியாச்சு! ஒண்ணுமில்லன்னு வந்தாச்சு! நீ உன் வேலையைப் பாரு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மூன்று மேஜைகள் திரும்பிப் பார்த்தன.

"எந்த டெஸ்ட்? சுகருக்குன்னுதானே எடுத்தே?" என்றார் அவர்.

கண்ணாடி எழுந்து துளி அக்காவின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அக்கா, நீர்த்துப் பாத்தீங்களா?"

பதினாறு வருஷமாகத் துளி அக்கா மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ரத்தத்தில் நோயின் எதிர்ப்புப் பொருள் ரொம்ப அதிகமாக இருந்தால் ஸ்லைடில் திரளாது, நோயே இல்லாதது போல ஏமாற்றும். சலைன் கலந்து பாதி, பாதியில் பாதி என்று நீர்த்துக்கொண்டே போக வேண்டும். நீர்க்க நீர்க்கத்தான் உண்மை தெரியும். அதை அவள் கோட்டை விட்டிருந்தாள். சொட்டு பிசகாதவள், ஆத்திரத்தில் ஒரே சொட்டோடு நிறுத்திவிட்டாள்.

குளிர்பெட்டியிலிருந்து அந்த ட்யூப்பை எடுத்தாள். அவள் சொட்டு விட, கண்ணாடி பார்த்தாள். பிறகு நகர்ந்து, "நீங்களே பாருங்கக்கா" என்றாள். நீர்க்காத முதல் வட்டம் அதே வழவழப்பு. இரண்டாவதில் லேசாக மணல். மூன்றாவதிலிருந்து திட்டுத்திட்டாகத் திரண்டிருந்தது. எட்டு மடங்கு, பதினாறு மடங்கு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு மடங்கு நீர்த்த பிறகும் திரண்டிருந்தது. ஆயகலைகள் அறுபத்து நாலும் தெரிந்தவர்தான் தன் புருஷன் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு குத்தல் தோன்றியது. அது தோன்றியதும் அழுகையும் வந்தது.

கூடத்தின் டாக்டர் அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ட்யூப்பை உருட்டிப் பார்த்து, மெதுவாக, "உட்காரும்மா. இதுல உன் பேர் இருக்கு" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒரு நொடி அப்படிக்கூட நினைத்தாள். "என் ரத்தம் இல்ல டாக்டர். என் புருஷனோடது" என்றாள். என் புருஷன் என்ற வார்த்தையை அவள் பெருமை இல்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டார். மண்டை, மூக்கு, வாய், கை, கால் எல்லாம் பார்த்தார். இன்னொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்தினார். "இது பல வேஷம் போடும். முடியில ஒண்ணு, முகத்துல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு வந்து எல்லாரையும் ஏமாத்தியிருக்கு. பென்சிலின் ஊசி போட்டா சரியாயிடும். பயப்படாதீங்க. ஆனா உங்ககூட இருந்தவங்க எல்லாரையும் பாத்தாகணும். இவங்க ஒருத்தர். வேற யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "நாலு மாசம் முன்னாடி அந்த இடத்துல ஒரு புண்ணு வந்தப்பவே பயந்துட்டேன் டாக்டர். வலிக்கலை, தானா ஆறிடுச்சு. இருந்தாலும் இவகிட்ட போகலை. சோபாவுலதான் படுத்தேன்."

"வேற யாருன்னு கேட்டாங்க" என்றாள் துளி அக்கா.

"நாலாவது மாடி."

அவள் முதலில் கேட்டதை எந்தப் பெண்டாட்டியும் கேட்டிருக்க மாட்டாள். "எட்டு மாசமா அங்கிருந்து ட்யூப்பே வரலியே!"

"ட்யூப் வரலை" என்றார் அவர்.

துளி அக்காவின் ரத்தத்தைக் கண்ணாடி எடுத்தாள். நீர்த்தும் நீர்க்காமலும் இரண்டு தடவை பார்த்தாள். நோய் இல்லை. மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். தன்னைச் சோபா காப்பாற்றியிருக்கிறது என்று துளி அக்காவுக்குப் புரிந்தது. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, செருப்பால் அடிக்க வேண்டுமா என்றுதான் புரியவில்லை.

தையல்காரி கூடத்துக்கு வர மாட்டேன் என்றாள். தான் போய் ரத்தம் எடுத்து வருவதாகக் கண்ணாடி சொன்னாள். "வேணாம், நான் போறேன்" என்றாள் துளி அக்கா. வழி தெரிந்தவர் ஊசி அண்ணன் ஒருவர்தான். அவர் பைக்கில்தான் போக வேண்டி வந்தது. பின்னால் உட்கார்ந்தவள் அவர் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு நாலு மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது. அவருக்கு இந்தப் படியெல்லாம் மூச்சு வாங்கியிருக்காது என்று நினைத்தாள்.

கதவைத் திறந்தவள் அழகி ஒன்றும் இல்லை. அதுவே துளி அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அழகியாக இருந்தால் தோற்றதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. உள் அறையில் அவள் அம்மா இருமுவது கேட்டது. தையல்காரி குண்டூசியை எடுத்து மேஜையில் வைத்தாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கையைக் காட்டுங்க" என்றாள் துளி அக்கா.

காட்டினாள். அதே செம்புக் காசுகள். "சாயம் போற துணி ஒண்ணு தைச்சேன். அதுனாலன்னு நினைச்சேன்" என்றாள் தையல்காரி. பிறகு, "என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க" என்றாள்.

துளி அக்கா ரப்பர் பட்டையை எடுத்து அவள் கையில் கட்டினாள். வழியெல்லாம் எத்தனையோ திட்டுக்களை அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ட்யூப் இல்லாம அவருக்கு ஏது நேரம்? நான் ஒவ்வொரு லேபிளா பாத்தேன். அரை மணி நேரம் எங்கேயும் இடிக்கலையே?"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க லேபிள் படிப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். அதான் அம்மாவுக்கு வேற லேப்ல பாக்கச் சொன்னாரு. அப்புறம்... ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு மூணு நிமிஷம் கூட்டி எழுதுவாராம். பத்து வீடு முடியறப்போ அரை மணி மிச்சமாயிடும்னு சொல்லுவாரு. மூணு நிமிஷத்துக்கு நீங்க சத்தம்தான் போடுவீங்க, கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு."

பட்டை கட்டிய கை அப்படியே இருந்தது. துளி அக்கா ஊசியை எடுக்க மறந்து நின்றாள். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம், சிக்னல். சில்லறை என்று நினைத்துச் சண்டை போட்ட அத்தனை நிமிஷமும் இந்த வீட்டுக்குச் சேர்ந்தது. அரை மணி நேரத்தைப் பத்து ட்யூப்பில் நீர்த்து அவள் மேஜைக்கே அனுப்பியிருக்கிறார். நீர்த்தால்தான் தெரியும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கு அது தெரியவில்லை. கண்ணாடியைத் திட்டியதும், பாவம் அந்தப் பத்து வீட்டுப் பெண்களைச் சபித்ததும் ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பொறாமை மட்டும் அப்போதும் போகவில்லை. இவளோடு உட்கார்ந்து தன்னைப் பற்றிச் சிரித்திருக்கிறாரே என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட எரிந்தது.

"வலிக்குமா?" என்று தையல்காரி கேட்டாள்.

நல்ல நரம்பு. விரல் வைத்ததும் துள்ளியது. இவளுக்கு நரம்புகூட நன்றாக இருக்கிறது என்று துளி அக்கா நினைத்தாள். நாலு இடத்தில் குத்திக் கிளறலாம், கேட்பாரில்லை. ஒரே குத்தில் எடுத்தாள்.

"பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க. நாளைக்கு ரிப்போர்ட் வரும். ஊசி போட்டா சரியாப் போயிடும். கட்டாயம் வந்து போட்டுக்கணும்."

லேபிளை ஒட்டினாள். பெயர், வயசு எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷம் கூட்டாமல் குறைக்காமல் நேரத்தை எழுதினாள். எட்டு மாசத்துக்குப் பிறகு அந்த வீடு மறுபடி லேபிளில் வந்தது.

கீழே அவர் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஏம்மா, இவ்ளோ நேரம்?" என்றார்.

"சிக்னல்" என்றாள் துளி அக்கா.

அவர் வண்டியைக் கிளப்பினார். அவள் ஏறவில்லை. ட்யூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் ஓடியது என்று அவள் பார்க்கவில்லை.